முருகனுக்கு வைத்த முதல் விளக்குக் கூடு

காற்றில் விளக்கு அணையாமலிருக்க எவர்சில்வரில் ஒரு கூடு வடிவமைத்தேன். தளேகாவ் ஊரில் ஒரு பட்டறையில் செய்த முதல் கூட்டை முருகன் கோயிலில் வைத்தேன். படத்தை பக்தர்கள் வாட்ஸ்அப் குழுவிலும் போட்டேன். இரண்டே மாதத்தில் அதே கூடு கடைகளில் தொங்கியது. வடிவத்தை என் பேரில் பதிவு செய்யப் பக்கத்து வீட்டு வக்கீலம்மாவிடம் ஓடினேன்.

"ஊரே பார்த்தப்புறம் புது டிசைன்னு எப்படி எழுதறது மாமா? முதல்லயே விண்ணப்பம் போட்டிருக்கணும்" என்றார்.

"முருகனுக்குக் காட்டினீங்க, சரி. மொபைலுக்கு எதுக்குக் காட்டினீங்க?" என்றாள் மனைவி.

அடுத்து வேறு வடிவத்தில் ஒரு கூடு செய்தேன். விண்ணப்பம் போடும்வரை அது பீரோவில் துணி சுற்றிக் கிடந்தது. இப்போதெல்லாம் அப்படித்தான். விண்ணப்ப ரசீதோடுதான் கோயிலுக்குப் போகிறேன். "லேட்டாயிடுச்சு, பொறுத்துக்கோப்பா" என்று முருகனிடம் சொல்லிவிட்டுத்தான் துணியைப் பிரிக்கிறேன்.