விஷக்காய்ச்சல் கொட்டகையில் இருமியது யார்?

நம்பாதவர்கள் மலாயாவில் லுக்குட் ரப்பர் தோட்டத்துப் பக்கம் வந்து, கொட்டகை இருந்த இடத்தில் தனியாக ஐந்து நிமிடம் நின்று பார்க்கட்டும். பிறகு பேசிக்கொள்வோம். இது நடந்தது. 1943 ஆகஸ்ட், பட்டப்பகல். ஜப்பான்காரன் மாற்றி வைத்த கடிகாரத்தில் மணி ஒன்றரை. பழைய கணக்கில் சரியாகப் பன்னிரண்டு.

சயாம் காட்டில் போடும் ரயில் பாதை வேலைக்கு ஆள் பிடிக்க லோரி வந்திருந்தது. ராக்கம்மா தன் புருஷன் நல்லசாமியைப் பழைய காய்ச்சல் கொட்டகைக்குள் ஒளித்துவிட்டு, கதவை மறித்து நின்றாள். தோட்டத்தில் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை. 1918இல், பெரிய சண்டை முடியும் சமயம் கப்பலேறி வந்த விஷக்காய்ச்சலில் விழுந்தவர்களை அங்கேதான் கிடத்தினார்கள். காலையில் பால்மரம் வெட்டியவன் மறுநாள் முகம் நீலம் பாய்ந்து செத்தான். ஆத்தா கோபம் என்றார்கள். கெட்ட காற்று என்றார்கள். ஜெர்மன்காரன் தூவிய விஷம் என்றார்கள். பங்களாவில் வெள்ளைக்காரத் தொரையும் காய்ச்சலில் படுத்த பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை.

ஜப்பான் அதிகாரி வந்து நின்றான். கூடவே, அவனுக்கு மலாயில் மொழிபெயர்க்கும் தோட்டத்து ஆபீஸ் எழுத்தர், கிராணி திருநாவுக்கரசு.

"உள்ள விஷக்காய்ச்சல், கிராணி ஐயா. முப்பது பேரு கெடக்காங்க. வேணும்னா வந்து எண்ணிக்கச் சொல்லுங்க."

கிராணிக்கு வேர்த்துவிட்டது. "அடிப்பாவி, வாயக் கொறை" என்று முணுமுணுத்துவிட்டு மலாயில் சொன்னார்.

அதிகாரி காதைச் சாய்த்துக் கேட்டான். முப்பது நோயாளிகள். ஒரு சத்தம் இல்லை. சிரித்தபடி வாளின் பிடியில் கை வைத்தான்.

"நவுர மாட்டேன். வெட்டுனா வெட்டிக்கோ. சயாம் போனவன் ஒருத்தன் திரும்பி வந்தானா?"

அப்போதுதான்... உள்ளே ஓர் இருமல்.

'மனுசன் சமயத்துக்கு உதவிட்டாரு' என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னோர் இருமல். பெண்குரல்.

அடுத்து ஒரு குழந்தை... கக்கிக் கக்கி...

பிறகு பத்து. பிறகு எண்ண முடியவில்லை. கட்டில்கள் கிறீச்சிட்டன. உள்ளே கட்டிலே கிடையாது.

அதிகாரி அவளை ஒதுக்கித் தள்ளி, கதவை உதைத்துத் தலையை நீட்டினான்.

இருட்டு.

ஹ்ஹா...

அவன் மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி. வெளிப்பக்கம்.

ராக்கம்மா அவன் பின்னாலேயே நின்று கேட்டாள்.

"எண்ணியாச்சா, மாஸ்டர்?"

கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு அவன் ஓடினான். 1.40க்கு லோரி கிளம்பிய சத்தம் கேட்டது.

அவள் உள்ளே போனாள். மூலையில் நல்லசாமி மட்டும். வாய் நிறையத் துண்டு.

"நான் இருமவே இல்ல, புள்ள..."

ஐந்தாம் நாள் கிராணி சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு நேராக ராக்கம்மா வீட்டுக்கு வந்தார்.

"அந்த அதிகாரி செத்துட்டானாம். மூணே நாளு. பழைய விஷக்காய்ச்சலேதானாம்."

"ஆத்தா குடுத்தது."

"ஆத்தாவும் இல்ல, காத்தும் இல்ல. கண்ணுக்குத் தெரியாத கிருமியாம். நோய்க்காரன் மூச்சு மூஞ்சியில படணுமாம். ஆஸ்பத்திரி டிரெஸர் சொன்னாரு. அவன் ஆளுங்க ஒருத்தனுக்கும் காய்ச்சல் இல்ல. நம்ம தோட்டத்துல ஒரு சளிகூட இல்ல. அப்ப... அவன் மூஞ்சியில பட்டது யாரு மூச்சு?"

ராக்கம்மா உரித்துக்கொண்டிருந்த மரவள்ளிக் கிழங்கைக் கீழே வைத்தாள்.

"அடுத்த லோரி எப்ப வருதுன்னு மட்டும் சொல்லுங்க, ஐயா. கதவத் தொறந்து வைக்கணும்."