மணிக்கொரு சொட்டு

சென்ற செவ்வாய்க்கிழமை பகல் பதினொரு மணிக்கு, பந்தல்குடியில் டீக்கடை வைத்திருப்பவர் சைக்கிளில் வந்து, என் அத்தை ஞானசுந்தரி லாரியில் அடிபட்டு இறந்துவிட்ட செய்தியைச் சொன்னார். அத்தை தைத்துக் கொடுத்த ரவிக்கையைத்தான் நம் சபையில் பாதிப்பேர் போட்டிருக்கிறோம். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அப்பாவின் அக்கா, மணமாகாதவர். அம்மா இறந்து, எட்டாம் வகுப்போடு நான் நின்றபோது என்னைத் தன்னோடு வைத்துக்கொண்டவர்.

இந்த இரங்கல் கூட்டத்தில் எழுந்து பேச எனக்கு வராது. எழுதிக் கொடுக்கிறேன், நம் போதகர் ஐயர் வாசிப்பார்.

மூன்று வருடத்துக்கு முன் களத்தில் கொத்தமல்லி அடிக்கும்போது அத்தையின் வலது கண்ணில் தூசி விழுந்தது. கண்மாயில் கலங்கிக் கிடந்த தண்ணீரை அள்ளிக் கழுவிவிட்டு, மறுபடியும் அடிக்கப் போய்விட்டார். கண் சிவந்தது. பக்கத்து வீட்டில் பிள்ளை பெற்றிருந்தவர் கண்ணில் தாய்ப்பால் விட்டார். டவுனில் கொடுத்த மருந்தும் கேட்கவில்லை. ஒரு மாதம் கழித்து மதுரையில் கண்ணைச் சுரண்டிப் பார்த்து, அமீபா என்றார்கள். தண்ணீரில் இருக்கும் கிருமி.

அங்கே கொடுத்த சொட்டு மருந்தின் பெயர் குளோர்ஹெக்சிடின். ஆபரேஷனுக்கு முன்னால் கை கழுவுகிற மருந்தைத்தான் நன்றாக நீர்க்க வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மணிக்கொரு தடவை விட வேண்டும். அலாரம் கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு நான் விட்டேன். ஒவ்வொரு சொட்டுக்கும் அத்தையின் கால்விரல்கள் மடங்கும்.

"எரிஞ்சாத்தான் புள்ள மருந்து கேக்குதுன்னு அர்த்தம். நீ ஊத்து" என்பார்.

இரண்டாவது முறை போனபோது, அத்தையை உள்ளே உட்கார வைத்துவிட்டு டாக்டரம்மா என்னை மட்டும் வெளியே கூப்பிட்டுச் சொன்னார்: "கிருமி ஓட்டுக்குள்ள ஒளிஞ்சிருக்கும். அந்த ஓட்டை உடைக்கிற மருந்து கண்ணோட மேல்தோலையும் அரிச்சிரும். இனி ஒரு நாளைக்கு நாலு தடவை போதும். அதுக்கு மேல கூடவே கூடாது."

நான் தலையை ஆட்டினேன். ஆனால் நம்பவில்லை. என் அம்மாவுக்கும் ஆஸ்பத்திரியில் இப்படித்தான் மருந்தைக் குறைத்தார்கள். அந்த வாரமே அம்மா போய்விட்டார். மருந்தைக் குறைத்தால் கைவிட்டுவிட்டார்கள் என்றுதான் எங்களுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் கேட்டிருக்கலாம். வாய் வரவில்லை. என்ன சொன்னாக என்று அத்தை கேட்டபோது, எப்போதும்போல மணிக்கொரு தடவைதான் என்று பொய் சொன்னேன்.

பதினைந்து நாள் அப்படியே விட்டேன். எரிச்சல் கூடக் கூட, மருந்து வேலை செய்கிறது என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

மறுபடி போனபோது டாக்டரம்மா விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கருவிழியின் மேல்தோல் முழுக்க உரிந்திருந்தது. நாலு தடவை என்று சொன்னேனே, எத்தனை தடவை விட்டீர்கள் என்று கேட்டார். அத்தைக்கு அப்போதுதான் விஷயம் தெரியும். என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான்தான் டாக்டரம்மா. சீக்கிரம் கொணமாகட்டுமேன்னு மணிக்கொருக்கா ஊத்திக்கிட்டேன். புள்ள வேண்டாம்னுதான் சொல்லுச்சு."

படிக்காதவர்களிடம் மருந்தைக் கொடுத்தால் இப்படித்தான் என்று டாக்டரம்மா வைதார். அத்தை கையைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்திலேயே நின்றேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கிருமி செத்தது. கண்ணில் வெள்ளை விழுந்து பார்வையும் போனது. இனி பார்வை வராது என்று சொல்லி அனுப்பிய அன்று, காரியாபட்டி தாண்டும்வரை பஸ்ஸில் நான் அழுதுகொண்டே வந்தேன். அத்தை என் முழங்காலில் தட்டினார்.

"அழுகாத. ஊசியில நூல் கோக்கத்தான் நீ இருக்கீல்ல. இனிமே ஓசியில ரவிக்கை கேக்குறவளுகளுக்குக் கண்ணு தெரியலன்னு சொல்லிப் பொழச்சுக்குவேன்."

அதன்பிறகு அந்தப் பேச்சை அவர் எடுத்ததே இல்லை. நானும் எடுக்கவில்லை. வெளியே போனால் மட்டும் அவருக்கு வலது பக்கமாக நடப்பேன். செவ்வாய்க்கிழமை பந்தல்குடிக்குத் துணி கொடுக்கத் தனியாகப் போனார். கடைகளில் ஆட்கள் பார்ப்பார்கள் என்று கூச்சப்பட்டு நான் போகவில்லை.

லாரி வலது பக்கமிருந்து வந்திருக்கிறது. பார்க்காமல் ரோட்டைக் கடந்தார் என்று துக்கத்துக்கு வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். அத்தை ஒரு தையல்கூடக் கவனமில்லாமல் போட்டவர் இல்லை. அந்தக் கண்ணில் மருந்தைக் கூட்டி விட்டவள் நான். அவர் அல்ல. டாக்டரம்மாவிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போது பெண்களைப் பின்னால் வரச் சொன்னார்கள். நான் கேட்கவில்லை. பெட்டிக்கு வலது பக்கமாகவே கடைசிவரை நடந்தேன். போய் வாருங்கள், அத்தை.