சூரியன் அடங்கும்வரை ஹாக்கி கிடையாது

சூரியனில் கரும்புள்ளிகள் கூடிவிட்ட செய்தி எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குக் கிள்ளானிலிருந்து வந்தது. கொண்டுவந்தவர் பெரியம்மா. எண்பதுகளின் கடைசி. அவருக்கு அதுவரை விஞ்ஞானத்தில் அக்கறை இருந்ததில்லை. எனக்கு மாப்பிள்ளை தேடுவதில்தான் அவருக்கு அக்கறை. பத்திரிகைக் கட்டுரையில் பாதியைப் படித்திருந்தார். பதினோரு வருஷத்துக்கு ஒருமுறை சூரியன் உக்கிரமாகுமாம், புற ஊதாக் கதிர் கூடுமாம். நான் கறுத்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. அதுவரை அப்பாவின் பரம்பரையைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"சூரியன் அடங்கட்டும். அதுவரைக்கும் ஹாக்கி வேணாம்லா," என்றார் பெரியம்மா. அம்மா உடனே என் மட்டையை அலமாரிக்கு மேலே போட்டார்.

வருகிற சனிக்கிழமை மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கிறார்கள். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் ஓடினேன். மறுநாள் ஞாயிறு, என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். எது முக்கியம் என்று யாரும் என்னைக் கேட்கவில்லை.

பெரியம்மா படிக்காத பாதியை நான் படித்துக் காட்டினேன். ரொம்பவும் ஏறி இறங்குவது வேறு வகைக் கதிராம். அதை உயரத்துக் காற்றே விழுங்கிவிடுமாம். நம்மைக் கறுக்க வைக்கும் கதிர் அவ்வளவாக மாறுவதில்லையாம். மேலே தங்கிவிடும் அந்தக் கதிரால் தூரத்து ரேடியோ நிலையங்கள் தெளிவாகக் கேட்குமாம். உண்மைதான். அப்பாவின் சிற்றலை ரேடியோ அந்த வருஷம் பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி பேசியது. சூரியனால் எங்கள் வீட்டில் லாபம் அவருக்கு, தண்டனை எனக்கு. எனக்காக ஒரு வார்த்தை பேசுவார் என்று பார்த்தேன். ரேடியோ சத்தத்தைக் கூட்டிக்கொண்டார்.

சனிக்கிழமை முகத்தில் கடலைமாவும் தயிருமாக ஜன்னலோரம் உட்கார வைக்கப்பட்டேன். மத்தியானமே வானம் இருண்டு மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மழை விட்டதும் மூட்டத்திலேயே ஆள் எடுத்து முடித்தார்களாம். உக்கிர சூரியன் அன்று முழுக்கத் தலைகாட்டவில்லை. நான் அழுதேன். மாவு கரைகிறதென்று அம்மா இன்னொரு பூச்சுப் பூசினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர்கள் கேசரியைப் புகழ்ந்தார்கள். என் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. மாப்பிள்ளை என்னைவிடக் கறுப்பு. ஜாதகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு வாரம் கழித்துப் பெரியம்மா பதில் கொண்டுவந்தார். ஏழாமிடத்தில் சூரியன் இருக்கிறதாம், ஒத்துவராதாம்.

நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, மட்டையை எடுத்தேன்.

"எங்க போறே? வெயிலு கொளுத்துது," என்றார் அம்மா. "அதான் ஆள் எடுத்து முடிச்சுட்டாங்களே."

"தெரியும்மா. வெயில்ல நிக்கத்தான் போறேன்."