கன்னத்தில் மை வைத்த கழுதைகள்

எழுபதுகளின் பிற்பாதியில் நான் ஓர் அறைக்குள் இருந்தேன். சிறை என்று சொன்னால் நிஜமாகவே சிறைக்குப் போய் வந்தவர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் அவர்களுக்கு விடுதலைத் தேதி என்று ஒன்று இருந்தது. தூத்துக்குடியில் கடற்கரைக்குப் போகும் சாலையில், என் மாமனாரின் சிப்பிப் பொருள் கடைக்குப் பின்னால் இருந்தது அந்த அறை. ஜன்னல் உண்டு; திறக்கக் கூடாது. திறந்தால் கடல்காற்றின் ஈரத்தில் ஒட்டிய சிப்பி காயாது. மின்விசிறி உண்டு, போடக் கூடாது. போட்டால் நிறவாரியாகப் பிரித்து வைத்த சிப்பித் துணுக்குகள் தட்டுவிட்டுத் தட்டு பறக்கும். மூலையில் கரியடுப்பு உண்டு, அணைக்கக் கூடாது. அணைத்தால் தகர டப்பாவில் உருகிக்கொண்டிருக்கும் வஜ்ஜிரப் பசை இறுகிவிடும். இத்தனை கூடாதுகளுக்கு நடுவே ஒரு முக்காலியில் உட்கார்ந்து நான் மயில் செய்துகொண்டிருந்தேன்.

மயில், தாமரை விளக்கு, முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டம். இந்த மூன்றைத்தான் உலகம் எங்களிடம் கேட்டது. ஒவ்வொன்றின் அடியிலும் ‘தூத்துக்குடி நினைவாக’ என்று எழுத வேண்டும். தூத்துக்குடியை மறக்க ஒரு வழி கிடைக்குமா என்று ஏங்கிக்கொண்டிருந்தவன் கையில் அந்தத் தூரிகையைக் கொடுத்திருந்தார்கள்.

நான் இலக்கியம் படித்தவன். படித்து முடித்து, வேலை கிடைக்காமல், அம்மாவின் வற்புறுத்தலில் பெண் பார்க்கப் போனேன். போன இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். அலமாரியிலிருந்து ஒரு சிப்பி விளக்கைக் கையில் எடுத்து, “இந்த இதழையெல்லாம் கவுத்து ஒட்டியிருந்தா இன்னும் தாமரை மாதிரி இருக்கும்” என்றேன். மாமனார் நாற்காலியை இழுத்து என் பக்கத்தில் போட்டுக்கொண்டார். அவருக்கு ஒரே மகள். பெண் பார்க்கப் போனவன் பெண்ணை மட்டும் பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

மாமனார் கோபக்காரராக இருந்திருந்தால் ஒரு நாள் சண்டை போட்டுக்கொண்டு கிளம்பியிருப்பேன். அந்த வசதியை அவர் கடைசிவரை செய்து தரவில்லை. “மதுரைப் பக்கம் ஏதாவது வேலை தேடலாம்னு பாக்கேன் மாமா” என்று ஆரம்பித்தால், “கட்டாயம் தேடணும் மாப்ள. படிச்ச படிப்பு வீணாப் போவலாமா? இந்த ஆர்டர் மட்டும் முடியட்டும்” என்பார். கூடவே, அவர் கையாலேயே ஆற்றிய மோர் வரும். அந்த மோரைக் குடித்த பிறகு ஒருவன் எப்படி எதிர்த்துப் பேசுவான்? ஆர்டர்கள் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை.

புதுத் துறைமுகத்தில் பெரிய கப்பல்கள் வந்து நிற்க ஆரம்பித்த காலம் அது. கப்பல்காரர்கள் ஊரைச் சுற்ற வருவார்கள். சுற்றுவதற்கு ஊரில் உப்பளமும் வெயிலும்தான் என்று தெரிந்ததும் எங்கள் கடைக்கு வந்து மயில் வாங்குவார்கள். அப்படித்தான் ஒரு மத்தியானம் அந்தக் கிரேக்கர் வந்தார். சரக்குக் கப்பல் ஒன்றின் சமையல்காரர். பெரிய வயிறு, பெரிய மீசை, வெங்காய வாசனை. யவனர்கள் மரக்கலங்களில் வந்து கொற்கை முத்தை வாங்கிப் போனார்கள் என்று பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான். முத்தெல்லாம் தீர்ந்த பிறகு எனக்கென்று ஒரு யவனர் வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருக்கு மயில் பிடிக்கவில்லை. ஆனால் மயிலின் கழுத்தில் சிப்பிகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்த விதத்தை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு கடைக்கும் அறைக்கும் நடுவில் தொங்கிய திரையை விலக்கி, அடுப்புப் புகைக்குள் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தார். என் ஆங்கிலம் வகுப்பறையில் கற்றது, அவருடையது அடுப்படியில் கற்றது. இருந்தாலும் விஷயம் புரிந்தது. அவர் ஊர் ஒரு தீவு. வெள்ளை வீடுகள். கோடையில் வெள்ளைக்காரப் பயணிகள் ஈ மாதிரி மொய்ப்பார்கள். அவர் தங்கைக்கு அங்கே ஒரு கடை. விற்பதெல்லாம் பிளாஸ்டிக். “கடல் இருக்கிறது, சிப்பி இருக்கிறது, உன் கை மாதிரி ஒரு கை இல்லை” என்றார். கழுதை செய்ய வருமா என்று கேட்டார். அந்தத் தீவில் துறையிலிருந்து மேட்டுக்கு ஆட்களைச் சுமந்து ஏற்றுவது கழுதைகள்தானாம். பயணிகள் ஊருக்குத் திரும்பும்போது ஒரு கழுதை வேண்டும் என்கிறார்களாம்.

வரும் என்றேன். அதுவரை நான் கழுதையை உற்றுப் பார்த்தது கூடக் கிடையாது.

“அப்படியானால் வா” என்றார் யவனர். அவர் சொன்ன ஏற்பாடு எளிமையானது. முதலில் நான் இரண்டு பெட்டி கழுதை செய்து தர வேண்டும். இந்தக் கப்பல் கிளம்புவதற்குள் முடிந்தால் அவர் கொண்டுபோவார். விற்றால், அடுத்த முறை வரும்போது என்னையும் என் மனைவியையும் கூட்டிக்கொண்டு போக வழி செய்வார். கேப்டன் அவருக்கு மைத்துனன் முறை. தங்கை கடைக்குப் பின்னால் ஓர் அறை இருக்கிறது. அறை என்ற சொல்லைக் கேட்டதும் “ஜன்னல்?” என்று கேட்டேன். “கடலைப் பார்த்து” என்றார். “திறக்கலாமா?” என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

அன்று சாயங்காலம், கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த மாடியில் மனைவியிடம் சொன்னேன். அவள் துவரம்பருப்பில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“அங்க என்ன சாப்பிடுவாவ?”

“ரொட்டி, மீனு, ஆட்டுப்பால்ல செஞ்ச கட்டி.”

“மீனுக்குப் புளி ஊத்துவாவளா?”

“எலுமிச்சம்பழம் பிழிவாங்களாம்.”

கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். “நாம புளி கொண்டு போயிருவோம்” என்றாள்.

சம்மதம் அவ்வளவுதான். நான் அந்தக் கட்டடத்தில் சில வருடங்கள்தான் இருந்திருக்கிறேன், அவள் பிறந்ததிலிருந்து இருக்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “எங்கப்பாட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நான் அழுவேன், அவிய அழுவாவ, பொறவு ரெண்டு பேரும் இட்லியத் தின்னுட்டு அப்படியே விட்டுருவோம்” என்றாள்.

நான் சொல்லவில்லை. முதல்படியாக என் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ரகசியமாக எழுதிப் போட்டேன். அதற்குப் போலீஸ் விசாரணை உண்டு என்பதும், போலீஸ்காரர் ரகசியமாக வரமாட்டார் என்பதும் படித்தவன் மூளைக்கு எட்டவில்லை. சைக்கிளைக் கடை வாசலில் சாத்திவிட்டு உள்ளே வந்த ஏட்டு, கல்லாவில் இருந்த மாமனாரிடமே கேட்டார்.

“அண்ணாச்சி, உங்க மருமவன் வெளிநாடு போவ எழுதிப் போட்டிருக்காவ. ஆள் எப்படி?”

திரைக்குப் பின்னால் நான் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். மாமனார் அவசரப்படவில்லை.

“தங்கமான ஆளு. கடைய வுட்டு அங்கன இங்கன நவுர மாட்டாவ.”

“கெட்ட பழக்கம்?”

“புத்தகம் படிப்பாவ.”

“அது பரவால்ல” என்று எழுதிக்கொண்டு, சோழி கோத்த சாவி வளையம் ஒன்றையும் எடுத்துக்கொண்டு ஏட்டு போனார்.

மாமனார் திரையை விலக்கினார். “பாஸ்போர்ட்டா மாப்ள?”

“சும்மா, இருக்கட்டும்னு மாமா.”

“இருக்கட்டும், இருக்கட்டும். அது குடை மாதிரி. வச்சிருக்கதுக்காவ மழை பெய்யணும்னு இல்லல்லா” என்று சொல்லிவிட்டு மோர் ஆற்றப் போனார்.

கழுதைக்கு வருவோம். வண்ணாரத் தெருவில் ஒரு கழுதை முன்னால் நாள் முழுக்க நின்றேன். என் படிப்புக்கு இது தேவையா என்று இருவருமே யோசித்த மாதிரி இருந்தது. வயிற்றுக்கு வெள்ளைச் சிப்பி, முதுகுக்குச் சாம்பல் நிறம், காதுக்கு நீளமான இரட்டைச் சிப்பியைப் பிரித்துப் பக்கத்துக்கொன்று. முதல் கழுதை நின்றதும் மாமனார் முகம் சுளிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் அதை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு போய்க் கல்லாப் பெட்டி மேல் வைத்தார். அங்கே சுவரில் ஏற்கெனவே ஒரு கழுதைப் படம் தொங்கியது. ‘என்னைப் பார் யோகம் வரும்’ என்று எழுதிய, எல்லாக் கடையிலும் தொங்குகிற படம். “இத்தன நாளு படமா இருந்தது, இப்ப உருவமாவே வந்துட்டு” என்றார். பெட்டி நிறையச் செய்யச் சொன்னார். அந்தக் கழுதைகள் என்னைக் கூட்டிக்கொண்டு போக வந்தவை என்பதைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பொருளானாலும் வேலை முடிந்ததும் கண் படாமல் இருக்க, ஒரு ஓரத்தில் விரலால் கறுப்பு மை தொட்டு ஒரு பொட்டு வைத்துவிடுவோம். மயிலுக்கு வாலடியில் வைப்போம், தெரியாது. கழுதைக்கு எங்கே வைப்பது? குழந்தைக்கு எங்கே வைப்போமோ அங்கேதான். யோசிக்காமல் கன்னத்தில் வைத்தேன். இரண்டு பெட்டிக் கழுதைகளும் தாய்மார்கள் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வெளியே அனுப்பிய மாதிரி, இடது கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு யவனர் தோளில் ஏறிப் போயின.

பாஸ்போர்ட் வந்தது. அதிலிருந்த புகைப்படத்தில் நான் ஏற்கெனவே கப்பலில் போய்க்கொண்டிருப்பவன் போல, கொஞ்சம் குமட்டலோடு இருந்தேன். மனைவி புளியை வெயிலில் உலர்த்தி, உப்புப் போட்டு உருட்டிப் பானையில் அடைத்தாள். மழைக்காலம் வந்து போனது. நான் மயில் செய்தேன். ஆனால் அது வேறு மயில். கிளம்பப் போகிறவன் செய்கிற மயில். புகை கூட அப்போது கண்ணைக் கரிக்கவில்லை.

கப்பல் வந்தது. யவனர் கடைக்குள் நுழைந்து என் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டார். கடைத்தெருவே பார்த்தது. எல்லாக் கழுதையும் விற்றுப்போயிற்று என்றார். எதிர்க்கடைக்காரன் கூட எங்கிருந்தோ சிப்பிக் கழுதை வரவழைத்திருக்கிறானாம், யாரும் தொடவில்லையாம். எல்லோரும் கன்னத்தில் கறுப்புப் பொட்டு வைத்த கழுதைதான் வேண்டும் என்கிறார்களாம். அது என்ன பொட்டு என்று ஒரு பயணி கேட்டிருக்கிறார். தங்கைக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்கிற சாதி அவள் இல்லை. மலைக்கு அந்தப் பக்கம், ஒரு குகையில், வயதான மீனவர் ஒருவர் இருக்கிறார், அவர்தான் ஒவ்வொரு கழுதையையும் செய்து, செய்து முடித்ததும் அதன் கன்னத்தில் விரலால் தொட்டு அனுப்புகிறார் என்று சொல்லியிருக்கிறாள். அவர் யாரோடும் பேசுவதில்லையாம்.

“நல்ல கதை” என்றேன். “நாங்கள் எப்போது கிளம்ப வேண்டும்?”

யவனர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். “நீ எப்படி வர முடியும்? அங்கே குகையில்தான் நீ ஏற்கெனவே இருக்கிறாயே” என்றார்.

நான் வாதாடிப் பார்த்தேன். அந்தக் கிழவரின் உதவியாளாக வரலாமே என்றேன். யவனர் உண்மையாகவே யோசித்தார். “அவர் யாரையும் பக்கத்தில் சேர்ப்பதில்லை” என்று வருத்தத்தோடு சொன்னார். தாடி வளர்க்கிறேன், வாயைத் திறக்கமாட்டேன் என்றேன். என் நிறத்தைப் பார்த்துவிட்டுத் தொப்பியைத் தட்டிக்கொண்டார். நல்ல மனிதர். இனி பொருளின் அடியில் இந்த ஊர்ப் பெயர் வேண்டாம், இதை எழுது என்று அவருடைய தீவின் பெயரை ஒரு சிகரெட் அட்டையில் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்து என் மாமனாரின் கையைக் குலுக்கினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. ஆனாலும் மோர் வந்தது, வருடத்துக்கு எத்தனை பெட்டி என்பது மோர் தீர்வதற்குள் முடிவாகிவிட்டது. மறுநாள் என் முக்காலி போய், கை வைத்த நாற்காலி ஒன்று அறைக்கு வந்தது. “இனிமே முதுகு வலிக்காது மாப்ள” என்றார் மாமனார். அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு இருந்த கடைசிக் கோபமும் உபயோகமில்லாமல் போனது.

மாடியில் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அந்தக் கிழவருக்குப் பொண்டாட்டி உண்டுமா?”

“இருந்தாங்களாம். கடல்ல போயிட்டாங்களாம். அதனாலதான் யார்கிட்டயும் பேசறதில்லையாம்.”

“ஆக, என்னைய அந்தத் தங்கச்சிக்காரி கொன்னுட்டா.”

“கதைக்காகச் சொன்னதுதானே.”

“உங்களுக்கென்ன, குகையாவது கெடச்சிருக்கு” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் பலமாகக் கேட்டது. நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். இலக்கியத்தில் இந்த மாதிரி நேரத்துக்கென்று பாட்டு எழுதி வைத்திருப்பார்கள். எனக்கு அப்போது ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. “பாஸ்போர்ட்ட என்ன செய்யப் போறீய?” என்றாள் திரும்பாமலே. “இருக்கட்டும்” என்றேன். என் குரல் அச்சாக மாமனார் குரல் மாதிரி இருந்தது. அவளும் அதைக் கவனித்துத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தத் தீவின் எழுத்துகளை நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். அந்த ஒரு பெயருக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும். அந்தப் பெயரை என்னைப் போல் வேகமாக எழுதக்கூடியவர்கள் அந்தத் தீவிலேயே இருந்திருக்க மாட்டார்கள்.

அடுத்த சரக்கை நானே வண்டியில் ஏற்றிக்கொண்டு துறைமுக வாசல் வரை போனேன். போகவேண்டிய அவசியம் இல்லை. கப்பலை ஒரு தடவை கிட்டத்தில் பார்த்துவிடலாம் என்று ஆசை. வாசல் காவலாளி பெட்டிகளைத் தட்டிப் பார்த்தார்.

“உள்ள என்ன?”

“கழுதை.”

கப்பல் ஏஜெண்ட் கொடுத்திருந்த சீட்டை வாங்கி மேலும் கீழும் பார்த்துவிட்டு முத்திரை குத்தினார். வண்டி உள்ளே போனது. நானும் பின்னாலேயே ஒரு எட்டு வைத்தேன். காவலாளி கம்பை நீட்டினார்.

“கழுதைக்குச் சீட்டு இருக்கு அண்ணாச்சி. உங்களுக்கு?”

சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். எனக்கு இல்லை. அவர் தப்பாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் கேட்டார். “வெயில்ல நிக்காதீய, அங்கன நெழலு இருக்கு” என்று ஒரு வாதாம் மரத்தையும் காட்டினார். நிழலில் போய் நின்றுகொண்டு, வண்டி வளைவில் திரும்பும்வரை பார்த்தேன்.