காலில் துணி கட்டிய சேவல்

முடிச்சூர் ரோட்டில் இறங்கி யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், என் கட்டடத்தைக் காட்டுவார்கள். மூன்று மாடி, கீழே ஆறு கடை. செங்கல் சுமந்து, கொத்தனார் கரண்டி பிடித்து, மேஸ்திரியாகி, நானே எழுப்பியது. பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனால் இன்ஜினியருக்குப் படித்த பிள்ளைகள் இன்றைக்கும் என்னிடம் வந்து, "ஐயா, இந்தத் தூண் தாங்குமா?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள். பெருமைக்குச் சொல்லவில்லை, நடக்கிறதைச் சொல்கிறேன். மூளை என்பது படித்து வருவதில்லை. எனக்கு எட்டு வயதிலேயே அது இருந்தது. அதற்குச் சாட்சி ஒரு சேவல். அதுவும் இப்போது உயிரோடு இல்லை.

அந்தக் கட்டடம் நிற்கிற இடம்தான் அன்றைக்கு எங்கள் நிலம். அறுபதுகளின் கடைசி அது. நாற்பது சென்ட். அம்மாவின் இரண்டு வளையலும் கழுத்துச் சங்கிலியும் போய் அந்த நாற்பது சென்ட் வந்தது. அப்பா தாம்பரம் ரயில்வே யார்டில் கலாசி, இரும்பு தூக்குகிற வேலை. அங்கே பகல் முழுக்கத் தூக்கிவிட்டு, சைக்கிளில் வந்து இறங்கியதும் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொள்வார். ஓய்வெடுக்கிறது என்றால் அவருக்கு அதுதான். ஓலை வீடு, ஒரு கிணறு, நாலு முருங்கை, ஐந்து தென்னங்கன்று, கத்தரி, வெண்டை, மிளகாய், இரண்டு ஆடு, கோழிகள். உப்பு, மண்ணெண்ணெய், தீப்பெட்டிக்குத்தான் நாங்கள் கடைக்குப் போவோம். பக்கத்து நிலத்துக்காரர் ஒருநாள் வந்து, "இன்னும் பத்து சென்ட் தரேன், சல்லிசா வாங்கிக்கோ" என்றார். அப்பா வரப்பில் நின்று தன் நிலத்தை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

"இதுக்குத் தண்ணி கட்டவே சாயங்காலம் போதல, அண்ணா. அத வாங்கிகினு நான் எப்ப சோறு துன்றது?"

நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். பிற்பாடு வாங்கவும் செய்தேன், பத்து மடங்கு விலை கொடுத்து.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. எதை நட்டாலும் கிணற்றை ஒட்டிய முதல் பாத்தி கர்த்தருக்கு. அதில் காய்க்கிற ஒரு பிஞ்சைக்கூட நாங்கள் தொடக்கூடாது. ஆடு ஈன்றால் ஒரு குட்டி அவருக்கு. கோழி பொரித்தால் ஒரு குஞ்சு அவருக்கு. வருஷத்துக்கு ஒருமுறை மேற்குத் தாம்பரத்தில் எங்கள் கோயிலில் அறுப்பின் பண்டிகை வரும். எல்லாரும் விளைந்ததைக் கொண்டுவந்து ஆராதனையில் படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் எல்லாவற்றையும் ஏலம் விட்டு, வந்ததைக் கோயிலுக்குச் சேர்ப்பார்கள்.

அந்த வருஷம் கர்த்தருக்கென்று ஒதுக்கியது ஒரு சிவப்புச் சேவல். அதன் கூடப் பிறந்தது இன்னொரு சிவப்புச் சேவல். இரண்டும் அச்சில் வார்த்த மாதிரி ஒன்றே போல் இருக்கும். அடையாளத்துக்கு, குஞ்சாக இருக்கும்போதே கர்த்தருடைய சேவலின் வலது காலில் அம்மா தன் பழைய நீலப் புடவையின் கிழிசலைத் தளர்வாகக் கட்டிவிட்டாள். துணி கட்டியதை யாரும் அடிக்கக்கூடாது, விரட்டக்கூடாது, அறுக்கக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம்.

இந்தச் சட்டத்தை எங்களைவிட அந்தச் சேவல்தான் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தது. வேர்க்கடலை விதைத்தால் பின்னாலேயே வந்து பொறுக்கும். காயப்போட்ட அரிசியின் நடுவில் நின்று கூவும். ஆட்டின் முதுகில் ஏறி உட்காரும். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைக் கண்டால் அதற்கு ஆகாது. கிணற்றடிக்குப் போனால் ஓடிவந்து கெண்டைக்காலில் ஒரு கொத்து. திரும்பினால் முட்டிக்குப் பின்னால் ஒரு கொத்து. கூடப் பிறந்தது பாவம், பரம சாது. "ச்சூ" என்றாலே வேலிக்கு அந்தப் பக்கம் போய்விடும்.

அப்பாவிடம் காலைக் காட்டினேன். ரத்தத்தைத் துடைத்துவிட்டு அவர் சிரித்தார்.

"இன்னாடா பண்றது, அது அவரோடது. அவரோடது மேல நாம கை வெக்க முடியுமா? நீ உன் கால பத்திரமா வெச்சுக்கோ. பண்டிகைக்கு இன்னும் மூணு வாரந்தான் கீது."

மூன்று வாரம்! பெரியவர்களுக்கு அது ஒன்றுமில்லை. கெண்டைக்கால் இருப்பவனுக்கு அது ஒரு யுகம்.

அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் ஐயர் வந்துவிட்டார். போதகரை எங்கள் சபையில் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். திருநெல்வேலிக்காரர், நல்ல உயரம், நல்ல குரல், அதற்குத் தகுந்த வயிறு. ஊரப்பாக்கத்தில் யாரோ நோயாளியைப் பார்த்துவிட்டு சைக்கிளை மிதித்துக்கொண்டு வந்திருந்தார். அவருக்குக் கத்தரிக்காய்க் குழம்பா ஊற்றுவது? அம்மா என்னைப் பின்பக்கம் இழுத்துப் போனாள்.

"ஓடுடா, சேவலப் புடிச்சுகினு வா. துணி கட்டாதது. நல்லாப் பாத்துப் புடி, இன்னா?"

நான் போனேன். சாதுச் சேவல் முருங்கை நிழலில் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தது. மற்றது என்னைப் பார்த்ததும் வழக்கம்போல் ஓடிவந்து கொத்தியது. கொத்திய வேகத்திலேயே அதைப் பிடித்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு மூளை வேலை செய்தது. நீலத் துணியை அவிழ்த்தேன். சாதுவைப் பிடித்து அதன் வலது காலில் கட்டினேன். வெறுங்காலோடு இருந்த என் எதிரியைக் கொண்டுபோய் அம்மா கையில் கொடுத்தேன். முழுதாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. பின்னாளில் சென்னைக்குத் தெற்கே எத்தனையோ பேரம் முடித்திருக்கிறேன். அந்தச் சுத்தம் எதிலும் வரவில்லை.

ஐயர் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார். அப்பாவும் சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்து யார்டிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். ஐயர் ஏப்பம் விட்டுவிட்டு எழுந்து, இந்த வீட்டின் கொட்டிலையும் பட்டியையும் ஆசீர்வதியும் ஆண்டவரே என்று நீளமாக ஜெபித்தார். ஆமென் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமைதான் கோயிலில் எங்கள் சிறுவர் வகுப்பில் ஒரு கதை சொல்லியிருந்தார்கள். ஒரு புருஷனும் பெண்சாதியும் கடவுளுக்கென்று கொண்டுவந்ததில் கொஞ்சத்தை ஒளித்துவைத்துப் பொய் சொன்னார்களாம். நின்ற இடத்திலேயே விழுந்து செத்தார்களாம். அவர்கள் ஒளித்தது கொஞ்சம். நான் முழுச் சேவலையும் குழம்பு வைக்கக் கொடுத்திருந்தேன்.

மறுநாளிலிருந்து காலையில் கண் விழித்ததும் முதல் வேலையாகக் கையையும் காலையும் ஆட்டிப் பார்த்துக்கொள்வேன். சொல்லாமலே தண்ணீர் இறைத்தேன். சொல்லாமலே ஆட்டுக்குத் தழை ஒடித்தேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"இன்னாடா ஆச்சு உனக்கு? ஜுரமா?"

இதற்கிடையில் சாதுவுக்கு என்ன ஆனது தெரியுமா? முதல் இரண்டு நாள் வழக்கம்போல் வேலியோரமாகப் பதுங்கித் திரிந்தது. "ச்சூ" என்று யாரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அரிசிக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு வாரத்தில் அரிசியின் நடுவில் நின்றது. பத்தாம் நாள் ஆட்டின் முதுகில் ஏறி நின்று கழுத்தை நீட்டிக் கூவியது. அதற்கடுத்த நாள் என்னைக் கிணற்றடியில் மடக்கிக் கொத்தியது, அதே கெண்டைக்காலில்.

இந்தக் கதையை என் வீட்டுக்காரிக்குக் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன். கோயிலுக்கு நான் எட்டு மின்விசிறி வாங்கிக் கொடுத்தபோது சால்வை போர்த்தி முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். வீட்டுக்கு வந்து நாற்காலியில் சாய்ந்து தண்ணீர் கேட்டால், "வந்துட்டாரு, கால்ல துணி கட்டிகினு" என்கிறாள். பெண்களுக்கு எதற்கு எதை முடிச்சுப் போடுவது என்றே தெரிவதில்லை.

பண்டிகை நாள் வந்தது. மூன்று மைல் நடை. அப்பா கக்கத்தில் சேவல், தோளில் பூசணி. அம்மா தலையில் மூடிபோட்ட கூடை. கத்தரிக்காய் என்று நினைத்துக்கொண்டேன். கோயிலுக்குள் வாழைமரமும் கரும்பும் கட்டி, நெற்கதிர் தொங்கவிட்டு, ஒரே பச்சை வாசனை. பாட்டெல்லாம் கூரையைத் தூக்கியது. நான் மட்டும் வாயசைத்தேன்.

ஆராதனை முடிந்து வேப்பமரத்தடியில் ஏலம் தொடங்கியது. ஏலம் விடுகிறவர் எங்கள் பள்ளிக்கூட வாத்தியார். முழங்கை நீளப் புடலங்காய் போனது, பலாப்பழம் போனது. பிறகு அவர் எங்கள் சேவலைக் காலைப் பிடித்து உயரத் தூக்கினார். நீலத் துணி வெயிலில் தெரிந்தது.

"பாத்துக்குங்க! குஞ்சுல இருந்தே கர்த்தருக்குன்னு வெச்சது! இதோ நிக்கிறானே, இந்தப் பையன் தண்ணி வெச்சுத் தீனி வெச்சு வளர்த்தது! யாரு கேக்கறீங்க?"

கூட்டம் முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. விழுந்து சாகிற இடம் இதுதான் என்று முடிவாகத் தெரிந்தது. சாவதற்கு முன்னால் சொல்லிவிடலாம் என்று கத்தினேன்.

"அது இல்ல சார் இது! அது ஐயர் வயித்துல கீது சார்!"

அழுகையோடு மிச்சத்தையும் சொன்னேன்: கொத்தியது, துணியை அவிழ்த்தது, மாற்றிக் கட்டியது எல்லாம். ஐயர் மெதுவாக எழுந்து நின்று அங்கியின் மேல் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

"அப்படியா தம்பி சேதி? அதான் மறுநாள் விடியுமுன்ன உள்ளுக்குள்ள ஏதோ கூவுன மாதிரி இருந்துச்சு."

சிரித்தார்கள் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. வாத்தியார் சிரித்ததில் சேவல் கைநழுவி, அதை நாலுபேர் துரத்த வேண்டியதாயிற்று. நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. அம்மாவைப் பார்த்துத் தலையசைத்தார். அம்மா கூடையின் மூடியைத் திறந்தாள். உள்ளே கத்தரிக்காய் இல்லை. அவளுடைய புள்ளிக்கோழி. ஒருநாள் விடாமல் முட்டையிடுகிற கோழி. அதன் முட்டைதான் எங்கள் மண்ணெண்ணெய், எங்கள் உப்பு.

"சார், சேவலோட இதையும் சேத்துக்குங்க" என்றார் அப்பா. "அவருக்குனு வெச்சது எங்க சட்டியில வெந்துபோச்சு. மேல ஒண்ணு வெச்சுத்தானே குடுக்கணும்."

அப்படியென்றால் இவர்களுக்கு முன்பே தெரியும்! திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன். அவள் காலியான கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தாள்.

"ஈரலுக்கு அடிச்சுக்கற பையன் நீ. அன்னிக்கு வயித்து வலின்னு மோர் ஊத்தித் துன்னியே. அப்பவே தெரியும்டா."

"அப்போ ஏம்மா என்ன அடிக்கல?"

"நீயா சொல்லுவேன்னு உங்கப்பா சொன்னாரு."

நான் கணக்குப் போட்டுக்கொண்டே நடந்தேன். அந்தச் சேவல் போச்சு. இந்தச் சேவல் போச்சு. கோழியும் போச்சு. இனி முட்டை கிடையாது. ஆனால் முன்னால் போகிற அப்பா, கோயிலில் பாடிய பாட்டையே இன்னும் சத்தமாகப் பாடிக்கொண்டு, வெறுங்கையை வீசி வீசி நடக்கிறார். ஜெயித்தவர் மாதிரி. இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

மறுநாள் காலையில் அப்பா அதே நீலத் துணியைத் துவைத்துக் காயவைத்து என்னிடம் நீட்டினார். வாத்தியார் அதை அவிழ்த்துக் கொடுத்தனுப்பியிருந்தார். புதிதாகப் பொரித்த குஞ்சுகள் கூடையடியில் கத்திக்கொண்டிருந்தன.

"இந்த வாட்டி நீயே பாத்துக் கட்டு."

நான் நன்றாக யோசித்தேன். மூளை இருக்கிறவன் ஒரே தப்பை இரண்டு தடவை செய்யமாட்டான். துடியாக ஓடுகிற குஞ்சுகளையெல்லாம் ஒதுக்கினேன். எல்லாவற்றுக்கும் பின்னால், நிற்கவே பயந்து, தாயின் இறகுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்த ஒன்றைத் தேடி எடுத்தேன். இது ஜென்மத்துக்கும் யாரையும் கொத்தாது. அதன் காலில் துணியைக் கட்டி இறக்கிவிட்டேன்.

அப்பா அதைப் பார்த்தார், என் கெண்டைக்காலைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார், கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர. எதற்கு அப்படிச் சிரிக்கிறார் என்று தெரியாமல், நல்ல குஞ்சாகப் பார்த்துக் கட்டியதற்காகத்தான் இருக்கும் என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.