சித்தி வேலையை விட்ட கதை

வக்கீலாக வேண்டும் என்ற ஆசை எனக்கு முதலில் வந்தது செம்பூரில் ஓர் அலுவலகக் கவுன்ட்டர் முன்னால், என் சித்தி தலையை நிமிர்த்திக்கொண்டு ஒரு பொய் சொன்ன நிமிடத்தில். ஊரடங்கு தளர்ந்த சமயம். எனக்குப் பதினோரு வயது.

சித்தி அம்மாவின் தங்கை. தாராவியில் எங்கள் சந்திலேயே கோலி என்று அங்கே சொல்கிற ஒற்றை அறை வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்துத் தனியாக இருந்தாள். தன் கதவைத் தானே பூட்டித் திறக்கிற பெண் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். பை தைக்கும் கம்பெனியில் மெஷின் வேலை. இனி வரவேண்டாம் என்று மேனேஜர் போனில் சொல்லிவிட்டார். வாடகை நின்றால் கோலி போய்விடும். திருநெல்வேலிப் பக்கம் மாமா வீட்டில் போய் ஒண்டவேண்டும்.

மாதாமாதம் சம்பளத்தில் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பணம் பிடிக்கப்பட்டவர்களுக்கு, வேலை போனால் பாதிச் சம்பளம் மூன்று மாதம்வரை கிடைக்கும் என்று கேள்விப்பட்டுத்தான் அந்தக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். சித்திக்கு இந்தி பேச வரும், எழுத வராது. அதனால் நானும்.

வேலை எப்படிப் போனது என்று கவுன்ட்டர்காரர் இந்தியில் கேட்டார். சித்தி திரும்பிப் பார்த்தாள். வரிசையில் பின்னால் எங்கள் சந்துக்காரி ஒருத்தி காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.

"நானேதான் விட்டேன்," என்றாள் சித்தி, இந்தியில், கணீரென்று. அவரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எங்கள் சந்தில் யாரையும் எந்த முதலாளியும் வேலையைவிட்டு அனுப்பியதே கிடையாது. எல்லாரும் பிடிக்காமல் தாங்களாக விட்டவர்கள்.

விண்ணப்பம் அங்கேயே தள்ளுபடியானது. தானாக விட்டவருக்குக் கிடையாது, நிறுத்தப்பட்டவருக்குத்தான் என்றார் அதே மனிதர். பிறகு குரலைத் தணித்து, மேலதிகாரியிடம் மேல்முறையீடு செய்யலாம், கூட வேலை பார்த்தவர்கள் வந்து சொன்னால் நல்லது என்றார்.

"அவளுவளும் நானா விட்டேன்னுல்லா சொல்லிட்டுத் திரியுதாளுவ," என்றாள் சித்தி, திரும்பும் பஸ்ஸில்.

மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வரும் நேரம். சந்தே குடத்தோடு நின்றது. "என்ன, மகாராணி வேலய விட்டுட்டு ரெஸ்ட்டு எடுக்கா போல," என்றாள் ஒரு பெரியம்மா.

சித்தி குடத்தைக் கீழே வைத்தாள். "நான் எங்க யக்கா விட்டேன்? இனி வராதன்னுட்டான். இத்தன வருசம் தச்சதுக்கு ஒரு போனு."

எனக்குக் காது சுட்டது. வீட்டுக்குள் ஓடிவிடலாமா என்றிருந்தது. வரிசைக் கடைசியில் நின்ற ஒருத்தி, சித்தியோடு தைத்தவள், மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு அந்தப் போனும் இல்ல. வாட்ஸ்அப்புல ஒரு வரி."

"அழிச்சிட்டியாளா?"

"இல்ல, இருக்கு."

"அப்ப நீ சாப்பிட்டுட்டு என் கோலிக்கு வா."

மதியத்துக்குள் இன்னும் நாலைந்து பேர் வந்துவிட்டார்கள். மேனேஜர் தன்னைத்தான் ரொம்பக் கேவலமாக நிறுத்தினான் என்று போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். நான் இந்தியில் எழுதினேன். "ஏட்டி, தெளிவா எழுது," என்றாள் சித்தி. "நாங்க விடல. அவந்தான் நிறுத்துனான்."

அந்தத் தாளோடு எல்லாருமாகச் செம்பூருக்குப் போனோம். மேலதிகாரி சித்தியிடம் கேட்டது ஒரே கேள்விதான்: முதலில் ஏன் மாற்றிச் சொன்னாய்? "அன்னைக்குப் பின்னால எங்க சந்து ஆளு நின்னுச்சு சார்," என்றாள். அவர் தலையைக் குனிந்து எழுதினார். பணம் வந்தது. அது தீர்வதற்குள் அவளுக்கு வேறு கம்பெனியும் கிடைத்தது. சாவி இன்றும் அவள் இடுப்பில்தான்.

அதிகாரியையே மடக்கிய சித்தி என்று பள்ளியில் கதை அளந்து திரிந்தேன். அதிகாரிமுன் சொல்வது அவளுக்கு ஒரு பொருட்டாகவே இல்லை, குழாயடியில் சொன்னதற்குத்தான் நெஞ்சு வேண்டியிருந்தது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போது சட்டம் முதல் வருடம். எதிர்க் கோலி அண்ணனுக்கு வாஷி குடோனில் வேலை போய்விட்டது. "போரடிச்சுது, விட்டுட்டேன்," என்கிறான், பக்கத்தில் அவன் அம்மா இருக்கும்போதெல்லாம். அவனுக்கும் சம்பளத்தில் பிடித்திருக்கிறார்கள். முதல் கேள்விக்கே உண்மையைச் சொன்னால் மேல்முறையீடே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேசிப் பார்க்கப் போகிறேன். சட்டப் புத்தகம் எதற்கு? அவன் அம்மாவை அரை மணி நேரம் கடைக்கு அனுப்ப ஒரு வழி கண்டுபிடித்தால் போதும்.