நெப்டியூனின் கடைசிச் சுற்று

மகளின் பள்ளி மைதானத்தில் கோடு போடக் கொட்டிய சுண்ணாம்புத் தூளின் வாடை மூக்கில் ஏறியதும், மலையாள நாட்டு ஆரியசாலையில் இன்று மளிகைக் கிடங்காகிவிட்ட எங்கள் தமிழ்ப் பள்ளியின் முற்றம் கண்முன் வந்தது. ஐந்தாம் வகுப்பில் நாங்கள் ஒன்பதே பேர். டீச்சர் முற்றத்தில் எட்டு வட்டங்கள் வரைந்து, என்னைச் சூரியனாக நடுவில் நிறுத்தி, மற்றவர்களைக் கோள்களாகச் சுற்றவிட்டார். மதிலோரக் கடைசி வட்டத்தில் நெப்டியூனாக நடந்தாள், தென்காசியிலிருந்து வந்த கட்டிடத் தொழிலாளியின் மகள் செல்வி.

பாதியில் அவளுடைய சித்தப்பா வந்து டீச்சரிடம் தணிந்த குரலில் ஏதோ சொன்னார். டீச்சரின் முகம் வெளுத்தது. அவர் செல்வியைக் கூப்பிட்டார்.

“செல்வி, வீட்டுக்குப் போகணும், வா மோளே.”

“ஒரு சுத்து முடிச்சிட்டு வரட்டா டீச்சர்? நெப்டியூனுக்குத்தானே ரொம்ப நேரம் ஆகும்?”

டீச்சர் தலையசைத்தார். செல்வி கோட்டை மிதிக்காமல் அடிமேல் அடிவைத்து நடந்தாள். வெயிலில் நின்று சலித்த நான், “வேகம் நடடீ!” என்று கத்தினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

சாரம் சரிந்து அவள் அப்பா காலையிலேயே இறந்துவிட்டார் என்பது சாயங்காலம்தான் எங்களுக்குத் தெரிந்தது. செல்வி திரும்பி வரவில்லை. ஆள் போதாதென்று தமிழ் வகுப்பை மூடி, மிஞ்சிய எட்டுப் பேரையும் அடுத்த ஜூனில் மலையாள வகுப்பில் சேர்த்தார்கள்.

அந்தக் கடைசிச் சுற்றின் நடுவே அவளை அழைக்கச் சித்தப்பா முற்றத்துக்குள் இறங்கியபோது, டீச்சர் கை நீட்டி அவரைத் தடுத்ததை நான் பார்த்தேன். எதற்கென்று அப்போது புரியவில்லை.